கறுப்புக் கல்லைப் பதித்தால் மட்டும் எரிமலையோடு இசைந்ததாகிவிடுமா?

கேள்வி இதுதான்: ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் ஒன்றான லான்சரோட்டேவுக்குப் போகத் திட்டம். அங்கே பத்துப் பன்னிரண்டு அறை மட்டும் உள்ள பூட்டீக் ஹோட்டல்கள் "எரிமலை நிலத்தோடு இசைந்த வடிவமைப்பு" என்று போட்டுக்கொண்டு பெரிய ரிசார்ட்டைவிட இரண்டு மடங்கு வாடகை கேட்கின்றன. அதில் நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா, இல்லை விளம்பரம்தானா, இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

சிலவற்றில் இருக்கிறது, பலவற்றில் பாதிக்குப் பாதிதான். ஆனால் புகைப்படத்தைப் பார்த்துப் பிரித்தெடுக்க முடியாது. படத்தில் தெரிவதெல்லாம் கறுப்புக் கல், வெள்ளைச் சுவர், நடுவில் ஒரு நீலக் குளம். அதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். அந்தத் தீவில் ஒரு கட்டடம் நிலத்தோடு ஒத்துப்போகிறதா என்பதை முடிவு செய்வது காற்றும் தண்ணீரும் காலடித் தரையும். இந்த மூன்றும் படத்தில் விழாது. அதனால் கொஞ்சம் பின்னால் போய் ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1730 செப்டம்பர் 1 இரவு, ஒன்பது பத்து மணி வாக்கில், தீவில் டிமான்ஃபாயா என்ற இடத்தின் பக்கம் பூமி பிளந்தது என்று யைசா ஊர்ப் பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். அது ஏதோ இரண்டு வாரத்தில் அடங்கிய விஷயம் இல்லை, விட்டுவிட்டு 1736 வரை ஆறு வருடம் கக்கியது. தீவின் மொத்தப் பரப்பே ஏறக்குறைய 846 சதுர கிலோமீட்டர்தான், அதில் சுமார் கால் பங்கு எரிமலைக் குழம்புக்கும் சாம்பலுக்கும் அடியில் போனது. ஊர்கள் போயின, நல்ல விளைநிலம் எல்லாம் போயிற்று. 1824இல் இன்னொரு முறை, சின்ன அளவில். நீங்கள் இன்று பார்க்கப்போகிற கறுப்பு நிலத்தின் பெரும்பகுதி அந்த ஆறு வருடத்தில் உருவானது. பூமிக் கணக்கில் அது நேற்று நடந்த சங்கதி.

இதில் எனக்குப் பிடித்த பகுதி அதற்கப்புறம் விவசாயிகள் செய்தது. சாம்பல் மூடிய நிலத்தில் அவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: மெல்லிய படலமாக எரிமலைச் சரளை விழுந்த இடங்களில் பயிர் முன்பைவிட நன்றாக வருகிறது. அந்தச் சரளைக்கு உள்ளூரில் பிக்கோன், ரோஃபே என்று பெயர். கையில் எடுத்தால் கனமே இருக்காது, உள்ளே எல்லாம் ஓட்டை. இரவுப் பனியை அது உறிஞ்சித் தருகிறது என்று எல்லாரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது: அது மூடாக்கு. கீழே உள்ள மண்ணின் ஈரம் வெயிலுக்கும் காற்றுக்கும் ஆவியாகிப் போகாமல் தடுக்கிறது, பெய்கிற கொஞ்ச மழையும் ஓடிப்போகாமல் உள்ளே இறங்க விடுகிறது. நம்மூர் விவசாயி தென்னைக்கு அடியில் மட்டையையும் சருகையும் பரப்புவாரே, அதையே கல்லால் செய்தது மாதிரி. வருடத்துக்கு 150 மில்லிமீட்டர் மழைகூடச் சரியாகப் பெய்யாத ஊரில் இதுதான் விவசாயத்தைக் காப்பாற்றியது.

லா ஹேரியா என்ற பள்ளத்தாக்குக்குக் கட்டாயம் போங்கள், உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அங்கே தரையிலேயே கிடக்கிறது. சரளை ஆழமாக விழுந்த இடம் அது. ஆள் உயரத்துக்கும் மேலே போகிற ஆழத்தில் புனல் மாதிரி குழி வெட்டி, அடியில் பழைய மண் தட்டுப்படும் இடத்தில் ஒரே ஒரு திராட்சைக் கொடி. குழியின் விளிம்பில் வடகிழக்குப் பக்கம் மட்டும் அரைவட்டமாக ஒரு கல்சுவர், ஏனென்றால் காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது, வருடம் முழுக்க. சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கலவை கிடையாது, வெறுமனே அடுக்கியது, கல்லுக்குக் கல் இடைவெளி, அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியும். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். அடைசலான சுவராக இருந்தால் காற்று அதன் மேல் ஏறிக் குதித்து மறுபக்கம் சுழலும், கொடியை ஒடித்துப்போடும். ஓட்டையுள்ள சுவர் காற்றை முழுக்க நிறுத்தாமல் அதன் வேகத்தை மட்டும் குறைத்து உள்ளே விடுகிறது. இதை எந்தப் பொறியாளரும் வந்து சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்போது உங்கள் ஹோட்டலின் படத்தை எடுத்துப் பாருங்கள். நீச்சல் குளத்தைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குக் கண்ணாடித் தடுப்பு இருக்கிறதா? கடல் தெரிய வேண்டும் என்று வைத்தது. ஆனால் காற்று ஏறிக் குதிக்கிற அதே சங்கதி அங்கேயும் நடக்கும், பிற்பகல் மூன்று மணிக்கு அந்தச் சாய்நாற்காலியில் துண்டு நிற்காது. பக்கத்திலேயே இருக்கிற திராட்சைக் குழியில் முன்னூறு வருடமாகப் பதில் இருக்கும்போது, கறுப்புக் கல்லை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டு அந்தக் கல்லை எப்படி அடுக்கினார்கள் என்பதை விட்டுவிடுகிறார்கள். என் குறை இதுதான்.

பழைய வீடுகளும் இதே புத்தியில்தான் கட்டப்பட்டவை. தாழ்வான கட்டடம், காற்று வரும் பக்கம் ஏறக்குறைய மூடிய சுவர், வாசலும் ஜன்னலும் எதிர்ப்பக்கம் அல்லது நடு முற்றத்தைப் பார்த்து. எரிமலைக் கல்லில் கட்டிய கனத்த சுவர், மேலே சுண்ணாம்பு. கூரை தட்டை, ஆனால் லேசாகச் சாய்ந்திருக்கும், விழுகிற ஒவ்வொரு துளியும் முற்றத்துக்கு அடியில் இருக்கிற தொட்டிக்குப் போக வேண்டும். அல்ஹிபே என்பார்கள் அதை. வெள்ளை அடிப்பது வெயிலைத் திருப்பி அனுப்புவதற்கு மட்டுமா, அந்தக் கூரைத் தண்ணீரைத்தான் குடிக்கவும் வேண்டும், சுண்ணாம்பு அதைச் சுத்தமாக வைக்க உதவியது. ஜன்னல் கதவுகள் உள்நாட்டில் பச்சை, கடலோரத்தில் நீலம். படகுக்கு அடித்து மிச்சமான பெயிண்ட் என்று கதை சொல்வார்கள், இருக்கட்டும்.

சரி, செசார் மன்ரிக்கே. இவரைச் சொல்லாமல் லான்சரோட்டேவில் எந்தக் கட்டடத்தைப் பற்றியும் பேச முடியாது. 1919இல் தீவின் தலைநகரான அர்ரெசிஃபேயில் பிறந்த ஓவியர், மாட்ரிட்டில் படித்து, 1960களின் நடுவில் நியூயார்க்கில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். திரும்பிய நேரம் முக்கியம்: சுற்றுலா அப்போதுதான் தீவுக்குள் காலெடுத்து வைத்திருந்தது, ஸ்பெயினின் மத்தியதரைக் கடற்கரைகளில் பலமாடி ஹோட்டல்கள் வரிசை கட்டிக்கொண்டிருந்தன. 1968இல் தாயிச்சே ஊரருகே தனக்கு ஒரு வீடு கட்ட ஆரம்பித்தார். கதை என்னவென்றால், 1730களின் குழம்பு உறைந்து கிடந்த வெளியில் ஒரு பச்சை மர உச்சி மட்டும் தரை மட்டத்தில் தெரிந்திருக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் அத்தி மரம். வேர் எங்கே என்று எட்டிப் பார்த்தால் கீழே ஒரு பெரிய குமிழி, குழம்பு ஓடும்போது வாயு அடைபட்டு உண்டானது, மேற்கூரை இடிந்து வானம் தெரிய நிற்கிறது. அப்படி ஐந்து குமிழிகள். அவற்றைப் பாறைக்குள் குடைந்த குறுகிய வழிகளால் இணைத்து, கீழ்த்தளமாக ஆக்கிக்கொண்டார். மேல்தளம் ஊரில் எல்லாரும் கட்டுகிற மாதிரி வெள்ளைப் பெட்டி வீடு.

இப்போது அது அவர் பெயரிலான அறக்கட்டளை, டிக்கெட் எடுத்து உள்ளே போகலாம். போனால் மற்ற கூட்டமெல்லாம் குமிழி அறைகளில் படம் எடுக்கட்டும், நீங்கள் மேலே ஒரு ஜன்னலைத் தேடுங்கள். கறுப்புக் குழம்பு அந்த ஜன்னல் வழியாக அறைக்குள் வந்து தரையில் கிடக்கும். வெளியே உறைந்த ஓட்டமும் உள்ளே கிடக்கும் பாறையும் ஒரே தொடர்ச்சி, நடுவில் கண்ணாடி. சாதாரண ஆள் என்ன செய்திருப்பார்? ஜேசிபியை வரவழைத்து மனையைச் சமன் செய்துவிட்டு, வெட்டிய பாறையைத் துண்டு போட்டு வரவேற்பறைச் சுவரில் ஒட்டியிருப்பார். "எரிமலைக் கல் அலங்காரம்" என்று ஒரு வரியும் எழுதிக்கொள்ளலாம். மன்ரிக்கே பாறையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வீட்டை அதற்குத் தோதாக நகர்த்தினார். நான் ஒரு கட்டடத்தைப் பார்க்கும்போது முதலில் பார்ப்பது இதைத்தான்: எது நகர்ந்திருக்கிறது, பாறையா சுவரா?

அந்தத் தீவின் பெரிய ஈர்ப்புகள் பலவற்றில் இதே கை தெரியும். கொரோனா எரிமலையின் குழம்புக் குகையில் அமைந்த ஹமேயோஸ் தெல் அக்வா, வடக்கே மலை விளிம்புக்குள் புதைந்தாற்போல் இருக்கும் மிராதோர் தெல் ரியோ பார்வை மாடம், டிமான்ஃபாயாவில் பூமிச் சூட்டிலேயே இறைச்சி வாட்டும் எல் தியாப்லோ உணவகம். 1990இல் திறந்த க்வாதிசா கள்ளித் தோட்டம் எனக்கு இவற்றில் எல்லாவற்றையும்விட உசத்தி, ஏனென்றால் அது சரளை தோண்டித் தோண்டிக் குப்பைமேடாகிப் போன பழைய குவாரி. அழகான இடத்தில் அழகாகக் கட்டுவதில் என்ன இருக்கிறது, கெட்டுப்போன இடத்தை எடுத்துக்கொண்டதுதான் விஷயம். பூட்டீக் ஹோட்டல் கட்ட மனை தேடுகிறவர்கள் ஏனோ இந்தப் பாடத்தை மட்டும் படிப்பதில்லை.

ஆனால் இவ்வளவும் ஒரு கலைஞனின் கைவண்ணத்தால் மட்டும் வந்தது என்று நினைக்காதீர்கள். தீவு நிர்வாகத்தின் தலைவராக 1960 முதல் 1974 வரை இருந்த ஹோசே ராமிரெஸ் செர்தா அவருக்கு நண்பர். விளம்பரப் பலகை வேண்டாம், மின்கம்பி கண்ணில் படாமல் போகட்டும், கட்டடம் தாழ்வாக இருக்கட்டும், வெள்ளையாக இருக்கட்டும் என்று ஊர் ஊராகப் போய் மன்ரிக்கே கெஞ்சியதற்கும் அதட்டியதற்கும் பின்னால் ஒரு நிர்வாகம் நின்றது. அர்ரெசிஃபேயில் கடலோரம் ஒரே ஒரு உயரமான ஹோட்டல் நிற்கும், பதினேழு மாடி. எங்கிருந்து பார்த்தாலும் அது ஒன்றுதான் துருத்திக்கொண்டு தெரியும், அந்த ஒன்றே மற்றவர்களுக்குப் போதுமான எச்சரிக்கையாக இருந்திருக்கும். 1980களில் கடற்கரை முழுக்கக் கட்டடம் முளைக்க ஆரம்பித்ததும் அதே மன்ரிக்கே வீதிக்கு வந்து எதிர்த்தார். 1991இல் சுற்றுலாப் படுக்கைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் தீவுத் திட்டம் வந்தது. 1992 செப்டம்பரில் தன் அறக்கட்டளைக்குப் பக்கத்திலேயே கார் விபத்தில் இறந்தார். 1993இல் தீவு முழுவதையும் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. ஆக, ஒரு ஹோட்டல் அழகாகத் தெரிவதில் பாதிப் பெருமை பக்கத்து மனையில் எதுவும் கட்ட விடாத சட்டத்துக்குப் போக வேண்டும், அதற்கான வாடகையையும் ஹோட்டல்காரர்தான் வாங்கிக்கொள்கிறார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொன்னால் பலருக்குப் பிடிக்காது. சின்ன ஹோட்டல் என்றாலே மண்ணுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கோஸ்தா தெகிசே என்ற கடற்கரை ஊரில் 1977இல் திறந்த லாஸ் சலினாஸ் ஹோட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடத்தை வடிவமைத்தவர் ஃபெர்னாந்தோ இகேராஸ் என்ற கட்டடக் கலைஞர், தோட்டமும் குளங்களும் மன்ரிக்கே. சுமார் 300 அறை, பூட்டீக் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் முன்னூறு அறையும் ஒரே இடத்தில், பின்வாங்கிப் பின்வாங்கி ஏறும் மாடிகளாக, நடுவில் செடி நிறைந்த முற்றத்தைச் சுற்றி அடங்கிவிட்டன. அறைக்கு எவ்வளவு நிலம் என்று கணக்குப் போட்டால் அது சிக்கனம். இன்னொரு பக்கம், மலைச்சரிவில் பத்து வில்லா, ஒவ்வொன்றுக்கும் தனிக் குளம், ஒவ்வொன்றுக்கும் கார் போகும் பாதை, ஒவ்வொன்றுக்கும் பக்கத்து வில்லா கண்ணில் படாத இடைவெளி. இருபது பேர் தூங்குவதற்கு ஒரு மலைச்சரிவே போய்விடும். சின்னது என்பது அறை எண்ணிக்கையில்தான், தலைக்கு ஆகும் நிலத்திலும் தண்ணீரிலும் பெரும்பாலும் அது பெரியது.

ஆகவே லான்சரோட்டேவில் எனக்கு நம்பிக்கை வருவது புதிதாகக் கட்டிய வில்லாக்களில் இல்லை, பழைய பண்ணை வீட்டைச் சீர்செய்து ஏழெட்டு அறையாக்கிய ஹோட்டல்களில்தான். ஃபின்கா என்று பெயரில் இருக்கும், தேடினால் நிறைய வரும். சுவர் ஏற்கெனவே காற்றுக்கு முதுகு காட்டி நிற்கிறது, முற்றம் இருக்கிறது, நிலத்தில் புதிதாக வெட்ட எதுவும் இல்லை. ஒட்டகத் தொழுவம் ஒரு அறையாகும், திராட்சை பிழிந்த இடம் உணவறையாகும். குறையும் உண்டு. அறைகள் ஒரே மாதிரி இருக்காது, ஜன்னல் சின்னது, பகலிலும் விளக்கு போட வேண்டியிருக்கும், சுண்ணாம்புச் சுவரில் குளிர்காலத்தில் ஓதம் ஏறும். "அறை இருட்டாக இருந்தது" என்று ஒரு விமர்சனத்தில் எழுதியிருந்தால் நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வேன், நீங்கள் எப்படியோ. சஹாரா பாலைவனத் தூசி கிழக்கிலிருந்து கிளம்பி வருகிற நாட்களில், கலிமா என்பார்கள், ஆளுயரக் கண்ணாடிச் சுவர் உள்ள அறையில் இருப்பவரும் கனத்த சுவரும் சின்ன ஜன்னலும் உள்ள அறையில் இருப்பவரும் ஒரே தீவில் இருக்கிறார்கள் என்றே சொல்ல முடியாது.

தண்ணீருக்கு வருவோம், இங்கேதான் நிறையப் பேர் கதை விடுகிறார்கள். "எங்கள் ஹோட்டல் பாரம்பரிய அல்ஹிபேயில் மழைநீரைச் சேமிக்கிறது" என்று எழுதியிருப்பார்கள். பொய் இல்லை. ஆனால் ஒரு கணக்குப் போடுங்கள். கூரை 300 சதுர மீட்டர், வருட மழை தாராளமாக 150 மில்லிமீட்டர் என்றே வையுங்கள், ஒரு சொட்டும் வீணாகாமல் பிடித்தாலும் 45,000 லிட்டர். இருபது விருந்தினர், ஆளுக்கு நாளைக்கு 200 லிட்டர் (ஹோட்டல்களில் அது ஒன்றும் அதிகம் இல்லை, குளமும் துணி துவைப்பதும் சேர்ந்தால் இன்னும் மேலே போகும்). ஒரு நாளைக்கு 4,000 லிட்டர். வருட மழை முழுக்கப் பதினோரு நாளில் தீர்ந்துவிடும். மிச்ச நாளெல்லாம்? கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர்தான். 1960களிலேயே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அங்கே வந்துவிட்டது, அது வந்திராவிட்டால் சுற்றுலாவே வந்திருக்காது. இப்போதைய சவ்வு முறையில் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் மூன்று நான்கு யூனிட் மின்சாரம் ஆகும், அப்படியென்றால் அந்த இருபது பேர் குளிக்கவும் குடிக்கவும் மட்டும் நாளுக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு யூனிட்.

அதனால் மழைநீர்த் தொட்டி இருக்கிறதா என்று கேட்பதில் பெரிய பிரயோஜனம் இல்லை. பயன்படுத்திய தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். குளியலறைத் தண்ணீரைச் சுத்தம் செய்து செடிக்கு விடுகிறார்களா, செடி என்ன செடி? கள்ளி, கற்றாழை, யுஃபோர்பியா, சரளைக்குள் அத்தி, மாதுளை என்றிருந்தால் சரி. புல்தரை இருந்தால் விவாதமே தேவையில்லை. அந்தக் காற்றில் அந்த வெயிலில் ஒரு பச்சைப் புல்தரையை உயிரோடு வைத்திருப்பது ஒரு நோயாளியை ஐசியூவில் வைத்திருக்கிற செலவு. குளமும் அப்படித்தான்: 50 சதுர மீட்டர் குளத்தில் நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 250 லிட்டர் போயிற்று, யாரும் இறங்காமலேயே. குளமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பத்து அறைக்கு ஒரு குளம், காற்று படாத பள்ளத்தில், ராத்திரி மூடி வைத்தால் போதும். அறைக்கு ஒரு குளம் என்றால் விளம்பரத்தில் வேறு என்ன எழுதியிருந்தாலும் படிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, தரை. டிமான்ஃபாயா பக்கக் குழம்பு வெளியைத் தூரத்திலிருந்து பார்த்தால் உயிரே இல்லாத மாதிரி இருக்கும். குனிந்து பாருங்கள், கல்லின் வடக்குப் பக்கம் சாம்பல் வெள்ளையாக ஒரு பூச்சு, சொரசொரவென்று. அது பாறைப்பாசி, லைக்கன். கிட்டத்தட்ட முன்னூறு வருடம் ஆகியும் அந்த நிலத்தில் பெரும்பாலும் அதுதான் முளைத்திருக்கிறது, அதுதான் பாறையை மெதுவாக மண்ணாக்கும் முதல் ஆள். ஒரு செருப்பு மிதித்தால் நொறுங்கிவிடும், திரும்ப வர எத்தனை காலமோ. அதனால்தான் தேசியப் பூங்காவுக்குள் பேருந்தைவிட்டு இறங்கி இஷ்டத்துக்கு நடக்க விடமாட்டார்கள். ஹோட்டலுக்கும் இதே விதி பொருந்தும். நல்ல இடத்தில் நடைபாதை குறுகலாக, ஒரே வழியாக, சரளை பரப்பியதாக இருக்கும், மற்ற இடத்தில் கால் வைக்காதீர்கள் என்று சொல்வார்கள். மோசமான இடத்தில் குழம்பு வெளிக்கு நடுவே யோகா மேடை போட்டிருப்பார்கள், அதற்கு நாலு பக்கமும் பாதை விழுந்திருக்கும். சரளையும் கேட்டுப் பார்க்க வேண்டிய விஷயம்தான், தோட்டத்துக்கு அழகாகக் கொட்டிய பிக்கோன் எங்கேயோ ஒரு எரிமலைக் கூம்பைச் சுரண்டி எடுத்தது.

லான்சரோட்டே மட்டும்தானா என்றால், இல்லை. சிசிலிக்கும் துனீசியாவுக்கும் நடுவில் பான்டெலேரியா என்று ஒரு எரிமலைத் தீவு, அங்கே தம்மூசோ என்ற வீடுகள்: குழம்புக் கல்லில் கனத்த சுவர், மேலே குவிந்த கூரை, அதில் விழும் மழை தொட்டிக்கு. இப்போது பலவற்றை வாடகைக்கு விடுகிறார்கள். அங்கே காற்று எவ்வளவு என்றால், ஒரே ஒரு எலுமிச்சை அல்லது ஆரஞ்சு மரத்துக்காக அதைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் வட்டமாகக் கல்சுவர் எழுப்பியிருப்பார்கள், மரத்துக்கு ஒரு வீடு. பார்த்தால் சிரிப்பு வரும், அப்புறம் யோசித்தால் வராது.

கிரேக்கத் தீவான சான்டோரினி எல்லாருக்கும் தெரியும். எரிமலைச் சாம்பல் இறுகிய பாறையைக் குடைந்து அமைத்த குகை வீடுகள், ஏழைகளும் மாலுமிகளும் இருந்தவை. மரம் கிடையாது, கூரை போட வழி கிடையாது, குடைவது மலிவு. 1956 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஓயா ஊரில் பாதி வீடுகள் கைவிடப்பட்டுக் கிடந்தன, பின்னால் கிரேக்கச் சுற்றுலாத் துறை சில வீடுகளைச் சீர்செய்து விருந்தினர் இல்லங்களாக்கிக் காட்டியது. தொடக்கம் அவ்வளவு நல்ல தொடக்கம். இன்று அதே விளிம்பில் ஒவ்வொரு குகைக்கு முன்னும் ஒரு சுடுநீர்த் தொட்டி, சாம்பல் பாறையின் விளிம்பில் இவ்வளவு தண்ணீர் எடையை ஏற்றுவது நல்லதில்லை என்று ஒரு கொத்தனாரே சொல்லிவிடுவார். 2025 தொடக்கத்தில் வாரக்கணக்கில் நிலம் ஆடியபோது ஆயிரக்கணக்கானோர் படகிலும் விமானத்திலும் தீவைவிட்டுப் போனார்கள்.

அதைச் சொன்னதும் உங்களுக்கு அடுத்த கேள்வி வரும், லான்சரோட்டே பாதுகாப்பானதா என்று. 1824க்குப் பிறகு அங்கே வெடிப்பு இல்லை, தீவு கண்காணிப்பில் இருக்கிறது, அதை நினைத்துப் பயணத்தை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அதே கேனரித் தீவுக் கூட்டத்தில் லா பால்மாவில் 2021 செப்டம்பர் 19 தொடங்கி டிசம்பர் வரை குழம்பு ஓடி ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. வெடிப்பு நின்ற பிறகும் புவெர்தோ நாவோஸ் என்ற கடற்கரை ஊருக்கு ஒரு வருடத்துக்கும் மேலாக மக்கள் திரும்ப முடியவில்லை. கட்டடங்கள் முழுசாக நின்றன, தரையிலிருந்து கசிந்த கார்பன் டை ஆக்சைடுதான் காரணம். எரிமலை நிலத்தோடு இசைந்து வாழ்வது என்று பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை.

இப்போது நீங்கள் முன்பதிவு செய்வதற்கு முன் என்ன செய்யலாம். முதலில் செயற்கைக்கோள் வரைபடத்தில் ஹோட்டலைப் பெரிதாக்கிப் பாருங்கள், இணையப் படத்தைவிட அது நேர்மையானது. நீலப் புள்ளிகளை எண்ணுங்கள், அறைக்கு ஒன்று இருந்தால் தெரிந்துவிடும். கட்டடத்தைச் சுற்றி வெட்டிச் சமன் செய்த வடு எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். முடிந்தால் பழைய வருடப் படத்தையும் போட்டு, முன்பு அங்கே வீடு இருந்ததா, குழம்பு வெளி இருந்ததா என்று ஒப்பிடுங்கள். அப்புறம் ஒரு மின்னஞ்சல். "சூழலுக்கு உகந்ததா" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும், அப்படிக் கேட்காதீர்கள். வெளியே உட்காரும் இடம் எந்தத் திசையைப் பார்க்கிறது, பிற்பகலில் காற்று எப்படி, கழிவுநீர் எங்கே போகிறது, கட்டடம் எந்த வருடத்தது, அறையில் ஏசி உண்டா, அதை எத்தனை நாள் போட வேண்டியிருக்கும் என்று கேளுங்கள். சரியாகக் கட்டிய இடமாக இருந்தால் ஏசி தேவைப்படாது என்று சொல்வார்கள், ஏனென்றால் அந்தத் தீவின் வெப்பநிலை வருடத்தின் பெரும்பகுதி அவ்வளவு மிதமானது. "எல்லா அறைக்கும் சென்ட்ரல் ஏசி" என்று பெருமையாகப் பதில் வந்தால், ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

இரண்டு மடங்கு வாடகை நியாயமா என்று கேட்டீர்கள். பழைய பண்ணை வீடு, ஒரே குளம், கள்ளித் தோட்டம், காற்றுக்கு முதுகு காட்டிய முற்றம் என்றிருந்தால் என் கையிலிருந்து கொடுப்பேன், ஆனால் ஜூலை ஆகஸ்டில் இல்லை. அப்போதுதான் காற்றும் உச்சம், விலையும் உச்சம். அக்டோபர், நவம்பரில் போங்கள், ஹோட்டல்காரர்களுக்கும் பேச நேரம் இருக்கும், தொட்டியைத் திறந்து காட்டச் சொல்லலாம். கார் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், ஃபின்காக்களுக்குப் பேருந்து வசதி குறைவு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுத்த ஊர் போக வேண்டியிருக்கும்.